இரு களம் கண்ட தமிழர் – எம். ஜே. கோபாலன்



மலர்களில் புலவர் பெருமக்களின் வரலாறும் தேசத் தலைவர்களின் வரலாறும் இடம்பெறுவது நம் மரபு. மைதானத்திலே வியர்வை சிந்தித் தமிழகத்தின் பெயரைக் கடல் கடந்து ஒலிக்கச் செய்தவரும் அவ்வரிசையில் வைத்து எண்ணத் தக்கவரே. ஆதலின் கிரிக்கெட், ஹாக்கி என்னும் இரு விளையாட்டுக்களிலும் பாரத நாட்டின் சார்பில் ஆடிய எம். ஜே. கோபாலன் அவர்களின் வரலாற்றைச் சுருங்கச் சொல்ல விழைகின்றேன்.

கோபாலன் அவர்கள் 1909ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 6ஆம் நாள், செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த மொரப்பாக்கம் என்னும் சிற்றூரில் பிறந்தவர். செல்வமும் செல்வாக்கும் உடையவர்களே கிரிக்கெட் மட்டையைத் தொட இயலும் என்றிருந்த காலம் அது. திருவல்லிக்கேணியில் வளர்ந்த இவ்விளைஞர் வேகமாய்ப் பந்து வீசும் திறத்தைக் கண்டுகொண்டவர், சென்னைக் கிரிக்கெட்டின் தூண்களுள் ஒருவராய் விளங்கிய ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர். அவர் இளைஞரைப் பாராட்டியதோடு நின்றாரில்லை. பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் வேலைக்கும், திருவல்லிக்கேணிக் கிரிக்கெட் சங்கத்தில் இடத்திற்கும் வழி செய்தார்.

இதனை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். திறமை என்பது விதை. நீர் வார்ப்பார் இல்லையெனில் அது மண்ணுக்குள்ளேயே மடியும். மாதச் சம்பளம் ஒன்று உறுதியாய் இருந்தமையாலன்றோ அவர் கவலையின்றி ஆட முடிந்தது! எம்போன்ற ரயில்வே குமாஸ்தாக்கள் இதனை நன்கறிவோம். ரயில்வேயிலும் விளையாட்டு வீரர்க்கென வேலை ஒதுக்கும் முறை உண்டு. அவ்வேலையால் நிமிர்ந்த குடும்பங்கள் பலப்பல.

பொங்கல் நாட்களில் சேப்பாக்கத்தில் ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் நடைபெற்று வந்த மாகாணப் பந்தயங்களில் கோபாலன் புகழ் பெற்றார். 1934 ஜனவரியில், கல்கத்தாவில் ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்து அணியை எதிர்த்து, ஸி. கே. நாயுடுவின் தலைமையில் டெஸ்டு ஆட்டம் ஆடினார். அதே ஆண்டு நவம்பர் 4ஆம் நாள், ரஞ்சிக் கோப்பைக்கான முதற் பந்தயம் சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் நடந்தது. அக்கோப்பையின் வரலாற்றிலேயே முதற் பந்தை வீசியவர் நம் கோபாலன். ராம்சிங் அவர்கள் 11 விக்கெட்டுகளை வீழ்த்த, ஒரே நாளில் சென்னை வெற்றி கண்டது.

ஹாக்கியிலும் அவர் சளைத்தவரல்லர். 1935ஆம் ஆண்டு தியான் சந்தின் தலைமையில் நியூஜிலாந்து, ஆஸ்திரேலியா நாடுகளுக்குச் சென்ற இந்திய அணியில் அவரும் இருந்தார். அவ்வணி ஆடிய 48 ஆட்டங்களிலும் வென்று, 584 கோல்கள் போட்டு உலகை வியக்கச் செய்தது.

இனித்தான் அவர் வாழ்வின் பெருஞ் சோதனை வருகிறது. 1936ஆம் ஆண்டில் இங்கிலாந்து செல்லும் கிரிக்கெட் அணியில் அவருக்கு இடம் கிடைத்தது. அதே சமயம் பெர்லின் ஒலிம்பிக்கிற்கான ஹாக்கித் தேர்வு ஆட்டங்களும் வந்தன. ஒருவர் இரு கப்பலில் ஏற இயலாது. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தார்.

இங்கிலாந்திலோ, விஜயநகரத்து மகாராஜகுமாரரின் தலைமையில் சென்ற அணி பூசல்களால் அலைப்புண்டது. சிறந்த ஆட்டக்காரராகிய அமர்நாத் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே தாயகம் திருப்பி அனுப்பப்பட்டார். மூன்று டெஸ்டுகளில் இரண்டில் தோல்வி. ஒன்று வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அம்மூன்றில் ஒன்றிலேனும் கோபாலனுக்கு இடம் தரப்படவில்லை. 1936 ஆகஸ்டு 15ஆம் நாள், லண்டன் ஓவல் மைதானத்தில் மூன்றாவது டெஸ்டு தொடங்கிற்று. அந்நாளிலேயே பெர்லினில் இந்திய ஹாக்கி அணி ஜெர்மனியை 8க்கு 1 என்ற கணக்கில் வென்று தங்கப் பதக்கம் சூடியது. ஒரு களத்தில் அவர் இல்லை. மற்றொரு களத்திலும் அவர் இல்லை! மீண்டும் டெஸ்டு ஆடும் வாய்ப்பும் அவருக்கு வாய்க்கவில்லை.

வேறொருவராயின் மனம் கசந்து மட்டையையும் பந்தையும் மூலையில் எறிந்திருப்பர். கோபாலனோ சென்னைக்காகத் தொடர்ந்து ஆடினார். பின்னர் தேசிய அணியைத் தேர்ந்தெடுப்போரில் ஒருவராகவும் பணியாற்றினார். அவரது கிரிக்கெட் வாழ்வின் வெள்ளிவிழா நினைவாகச் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே கோபாலன் கோப்பைப் பந்தயம் 1953ஆம் ஆண்டு தொடங்கப் பெற்றது. டெஸ்டு ஆடும் தகுதியை இலங்கை 1981இல் பெறுவதற்கு முன்னர், அந்நாட்டு இளைஞர் திறம் காட்டிய களங்களுள் இதுவும் ஒன்று. ஒலிம்பிக் பதக்கம் அவர் கழுத்தில் விழவில்லை. எனினும் கடலின் இரு கரைகளையும் இணைத்த கோப்பை அவர் பெயர் தாங்கி நின்றது. 2003 டிசம்பர் 21ஆம் நாள், தம் 94ஆம் வயதில் சென்னையில் அவர் காலமானார்.

இவ்வரலாறு நம் ஜங்லிகாட் குடும்பங்களுக்குச் சொல்வது யாது? நம் வீட்டுப் பிள்ளைகள் படிப்பா விளையாட்டா, தீவில் வேலையா தாயகத்தில் கல்லூரியா என்று இரு வழிகளின் முன் நிற்கின்றனர். தேர்ந்த வழி உடனே பலன் தராவிடின், அன்றே சொன்னோமே என்று அவர்களைச் சுடுசொல்லால் வாட்டுகிறோம். தேர்ந்தெடுக்கும்போது முடிவு யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. பலன் கைகூடாத பின்னரும் அக்களத்தை விட்டு ஓடாமல் நிற்பதே ஆண்மையும் பெருமையும் ஆகும்.

மாலையில் பந்தோடு ஓடும் நம் சிறுவர் சிறுமியரைக் கண்டால், பெற்றோரே, சற்று நின்று பாருங்கள். அவர்களுள் ஒரு கோபாலன் இருக்கலாம். அவருக்கு வாய்த்த ஜான்ஸ்டனைப் போல் கைதூக்கி விடுவாரும் நம்மிடையே இருத்தல் வேண்டும். அப்பணியை நம் சங்கம் மேற்கொள்ளுமாக!

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!