மொழியைக் காத்த குறிப்பேடுகள்

லூசி லாயிட் 1834ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். இளமையிலேயே தென்னாப்பிரிக்காவில் குடியேறிய அவர், தம் தங்கையின் கணவரும் மொழியறிஞருமான வில்ஹெல்ம் பிளீக்கின் ஆய்வுக்குத் துணைநின்றார்.

கால்நடை திருடியதாகக் கேப் டவுனில் சிறைப்பட்டிருந்த ‘சாம்’ பழங்குடி முதியவர் கப்போ, 1871இல் அவர்கள் இல்லத்தில் தங்கவைக்கப்பட்டார். மாயவல்லமை கொண்ட கும்பிடுபூச்சி, செருப்பொன்றிலிருந்து எலாண்டு மானைப் படைத்துத் தேன்பூசி வளர்த்த கதை போன்ற பல கதைகளை அம்மக்கள் வழங்கிவந்தனர். ஒலிப்பதிவுக் கருவி இல்லாத அக்காலத்தில், நாவைச் சொடுக்கி எழுப்பும் அம்மொழியின் அரிய ஒலிகளையும் குறியீடுகளால் குறித்து, சொல்லுக்குச் சொல் எழுதினார் லாயிட். தண்டனைக்காலம் முடிந்த பின்னரும், தம்மவர் கதைகள் நூல்வழி நிலைக்கவேண்டும் என விரும்பிய கப்போ, குடும்பத்தைப் பிரிந்து 1873 வரை அங்கேயே தங்கினார்.

1875இல் பிளீக் மறைந்தார். லாயிட் பணியைக் கைவிடவில்லை. நெடுங்காலத் தடைகளைக் கடந்து 1911இல் அக்கதைகளை நூலாக்கினார். 1913இல் மதிப்புறு முனைவர் பட்டம் பெற்றார், மறுஆண்டு மறைந்தார்.

இன்று சாம் மொழியைப் பேசுவோர் எவருமிலர். ஆயினும், தென்னாப்பிரிக்காவின் தேசியக் குறிக்கோளுரை அம்மொழியிலேயே அமைந்துள்ளது. அம்மக்களின் கதைகளோ அக்குறிப்பேடுகளில் வாழ்கின்றன.