மறைமொழி உடைத்த மாதரசி

பெண்புத்தி பின்புத்தி என்று பேசித் திரிவோர் இன்றும் உளர். அவர்கட்கு நாம் காட்டுவோம் எலிசபெத் ஃபிரீட்மனை!

1892-இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பிறந்தார். மகளைப் படிக்கவைக்கத் தந்தைக்கு மனமில்லை. பணத்தை வட்டிக்குத்தான் தந்தார்!

மதுவிலக்குக் காலம் அது. கடல்வழியே சாராயம் கடத்திய கூட்டத்தார் வானொலிக் கருவியில் மறைமொழியில் செய்தி அனுப்பினர். கடலோரக் காவற்படைக்காக அதை உடைத்தார் எலிசபெத். மூன்றாண்டில் 12,000 செய்திகள். துணைக்கு ஒரே ஒரு எழுத்தர்! ஆள் வேண்டுமென மேலிடத்தில் வாதாடினார். 1931-இல் தனிப்பிரிவு அமைந்தது, தலைமை அவரே. இளைஞர்களைச் சேர்த்தார், தாமே பயிற்றினார். 1933-இல் நியூ ஆர்லியன்ஸ் வழக்குமன்றத்தில் சாட்சியம் அளித்தார். கடத்தற் கூட்டத்தின் தலைவர்கள் தண்டனை பெற்றனர்.

போர் மூண்டது. பிரிவு கடற்படையிடம் போயிற்று. அவர் வளர்த்த பிரிவுக்கு ஆண் அதிகாரி ஒருவர் தலைவரானார்! எனினும் அவர் ஓயவில்லை. தென் அமெரிக்காவில் ஹிட்லரின் ஒற்றர்கள் அனுப்பிய செய்திகளை அப்பிரிவு படித்தது. புகழோ எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவருக்கு! இரகசியம் காக்க உறுதிதந்த எலிசபெத் வாய்திறவாமலே 1980-இல் மறைந்தார். பூட்டிய ஏடுகள் திறந்தபின்னரே உண்மை ஊரறிந்தது.

உழைப்பு ஒருவருடையது, புகழ் மற்றொருவருக்கு! ஆலையிலே நாம் அன்றாடம் காணும் அநீதியன்றோ இது? உழைத்தவர் பெயரை உரக்கச் சொல்வோம், தோழர்களே!