மன்றோ எடுத்த கல்விக் கணக்கு

திருச்சிராப்பள்ளிக்குக் கிழக்கே, தஞ்சை செல்லும் சாலையில் அமைந்தது அரியமங்கலம். அவ்வூரில் கல்வி பயிலும் சிறுவர் எத்துணையர் என்று ஒருவர் நம்மை வினவினால் யாது விடை கூறுவோம்? பள்ளிகளில் சென்று எண்ணுவதா, வீடுதோறும் சென்று கேட்பதா, எவ்வயதினரைச் சிறுவர் எனக் கொள்வது எனப் பல ஐயங்கள் எழும். ஓர் ஊர்க்கே இத்துணை இடர்ப்பாடாயின், ஒரு மாகாணம் முழுமைக்கும் இவ்வினாவை எழுப்பி விடை காண முயன்றவரின் திறம் எத்தகையது! அவரே சர் தாமஸ் மன்றோ.

மன்றோ 1761ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். 1780இல் கம்பெனிப் படையில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். 1792 முதல் ஏழாண்டுகள், இன்றைய சேலம், தருமபுரிப் பகுதிகளை உள்ளடக்கிய பாராமகாலில் நிலவரி அலுவல் பார்த்தார். ஊர்தோறும் சென்று, நிலத்தை அளந்து, உழவரோடு உரையாடி உண்மை காணும் பழக்கம் அவருக்கு அங்கேதான் வாய்த்தது. 1820இல் அவர் சென்னை மாகாணத்தின் ஆளுநரானார்.

இந்நாட்டு மக்களின் கல்வியைப் பற்றி அந்நாளில் பலர் பலவாறு பேசினர். எண்ணிப் பார்த்தவர் இலர். ஆதலின் 1822ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள், மாவட்ட ஆட்சியர் அனைவரிடமும் விவரம் பெறுமாறு மன்றோ பணித்தார். பள்ளிகள் எத்தனை, மாணவர் எத்தனை பேர், அவர்தம் குலம் யாது, பயிலும் நூல்கள் யாவை, பயிலும் காலம் எவ்வளவு, செலுத்தும் பொருள் எவ்வளவு, மானியம் உண்டா என்பன அவர் கேட்ட வினாக்கள். பள்ளிகளின் நடைமுறையில் தலையிடுவது தம் நோக்கமன்று என்பதனையும் அவர் முன்னரே தெளிவுபடுத்தினார்.

விடைகள் விரைந்து வரவில்லை. கன்னட மாவட்ட ஆட்சியரோ, அங்குக் கல்வி பெரிதும் இல்லங்களில் நிகழ்வதால் படிவத்தை நிரப்புதல் பயன் தராது என்று எழுதிவிட்டார். ஏனைய மாவட்டங்களின் கணக்கைத் தொகுத்து, வருவாய் வாரியம் 1825இல் அனுப்பியது. மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர். திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் மட்டும் 790 பள்ளிகள் இருந்தன. மக்களுள் அறுபத்தெழுவருக்கு ஒருவரே கல்வி பெறுவதாக வாரியம் முடிவு கூறிற்று.

மன்றோ அம்முடிவை அப்படியே ஏற்றிலர். முதியோரையும் கைக்குழந்தைகளையும் சேர்த்து வகுத்தால் கல்வியின் அளவு எங்ஙனம் புலனாகும்? மக்கள் தொகை ஏறத்தாழ 1,28,50,000. அதிற் பாதி ஆடவர். அவருள் பள்ளிப் பருவமாகிய ஐந்து முதல் பத்து வயதிற்குட்பட்டோர் ஒன்பதில் ஒரு பங்கு எனக் கொண்டால், அவர் தொகை சுமார் 7,13,000 ஆகும். பள்ளியிற் பயின்ற சிறுவரோ 1,84,110. எனவே நால்வருள் ஒருவர்க்குச் சற்று மிகுதியாகவே கல்வி கிடைத்தது. சென்னை நகரில் வீட்டிலேயே பயின்றோர் 26,963 பேர் என்ற கணக்கும் வந்திருந்தது. அத்தொகை மிகையென ஐயுற்ற அவர், அதனை முழுதும் நம்பவுமில்லை, முற்றிலும் தள்ளவுமில்லை. இல்லக் கல்வியையும் கருதினால் பயின்ற ஆண்பிள்ளைகள் மூன்றில் ஒரு பங்கை நெருங்குவர் என மதிப்பிட்டார். ஒரே கணக்கு, வகுக்கும் எண் மாறியதும் வேறு பொருள் தந்தது காண்க!

பெண்மக்கள் திறத்தில் அக்கணக்கு நாணத்தக்கதே. பள்ளிகளில் இருந்த சிறுமியர் 4,540 பேர் மட்டுமே.

ஆசிரியர் பலர் திங்கள்தோறும் ஆறு, ஏழு ரூபாய்க்குமேல் ஈட்டவில்லை என்பதும் இவ்வாய்வால் வெளிப்பட்டது. கற்றோர் அத்தொழிலை நாடாமைக்கு வறுமையே பெருங்காரணம் என உணர்ந்த மன்றோ, 1826ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் எழுதிய குறிப்பில், ஆசிரியர்களைப் பயிற்றச் சென்னையில் ஒரு பள்ளியும், மாவட்டங்களிலும் வட்டங்களிலும் அரசு ஊதியம் பெறும் பள்ளிகளும் வேண்டும் என்றார். அவ்வாண்டே கல்விக் குழு அமைந்தது. ஆயினும் 1827 ஜூலை 6ஆம் நாள், பத்திகொண்டாவில் வாந்திபேதி கண்டு மன்றோ இறந்தார். ஊக்குவார் இன்றி அவர் திட்டம் தளர்ந்தது. குழுவும் 1836இல் கலைக்கப்பட்டது.

ஆட்சியர்கள் எழுதிய அறிக்கைகள் மட்டும் ஆவணக்களரியில் தங்கின. அவற்றைத் தேடியெடுத்து, தரம்பால் என்னும் அறிஞர் 1983இல் நூலாக வெளியிட்டார். திருச்சிராப்பள்ளியின் 790 பள்ளிகளையும் இன்று அந்நூலில் காணலாம்.