நாம் என்று சொன்ன தமியான்

ஃபைனல் இயர் வந்தாச்சு. யாருக்கு எந்த கம்பெனி, எவ்வளவு பேக்கேஜ் என்பதுதான் இப்போ ஹாஸ்டல் முழுக்க பேச்சு. அதுக்கு நடுவுல ஒருத்தரைப் பத்தி உங்களுக்குச் சொல்லணும். அவர் சின்னச் சின்ன வீடுகளைக் கட்டினவர், நிறைய சவப்பெட்டிகளைச் செய்தவர்.

அவர் தந்தை தமியான். 1840இல் பெல்ஜியத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஹவாய் தீவுகளுக்கு மிஷனரியாகப் போக வேண்டியது அவருடைய அண்ணன். அண்ணனுக்கு உடம்பு சரியில்லாமல் போனதால், தம்பி கப்பல் ஏறினார்.

அந்தக் காலத்தில் ஹவாயில் தொழுநோய் வந்தவர்களை மொலோகாய் தீவில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். மூணு பக்கம் கடல், ஒரு பக்கம் செங்குத்தான மலை. நோய்க்கு மருந்து கிடையாது. நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததே 1873இல்தான். அதே வருஷம் மே மாசம், 33 வயசில், தமியான் அங்கே போய் இறங்கினார்.

முதல் சில நாட்கள் ஒரு தாழை மரத்தடியில்தான் தூங்கினார். அப்புறம் வேலையை ஆரம்பித்தார். புண்களைக் கழுவிக் கட்டுப் போட்டார். சுத்தியலை எடுத்து வீடு கட்டினார். குடியிருப்புக்குக் குழாய் வழியாகத் தண்ணீர் வர உழைத்தார். இறந்தவர்களுக்குப் பெட்டி செய்து, குழியும் தோண்டினார். அவர்களோடு ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டார்.

என்னை நிறுத்தி யோசிக்க வச்சது வேற ஒரு விஷயம். பிரசங்கத்தில் அவர் அந்த மக்களை நீங்கள் என்று சொல்லவில்லை. தொழுநோயாளிகளான நாம் என்றுதான் சொன்னார். அவருக்கு நோய் வருவதற்குப் பல வருஷம் முன்னாடியே!

1884இல் ஒருநாள் கொதிக்கிற தண்ணீரில் அவர் கால் பட்டது. சூடே தெரியவில்லை. நோய் வந்துவிட்டது. அதுக்கப்புறமும் முடிந்தவரை வேலை செய்தார். 1889 ஏப்ரல் 15இல், 49 வயதில் இறந்தார். 2009இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

இயேசு கடைசி இராவில் சீடர்களின் கால்களைக் கழுவினார். அது அன்றைக்கு வேலைக்காரர்கள் செய்கிற வேலை. கால் கழுவணும்னா முதல்ல கீழே குனியணும் இல்லையா? தமியான் குனிந்தது மட்டுமில்லை, அவர்களோடு கீழேயே உட்கார்ந்துவிட்டார்.

போன வருஷம் நாங்க ஒரு கிராமத்துக்கு கேம்ப் போனோம். ரெண்டு நாள் மண்வெட்டி பிடிச்சோம், போட்டோ எடுத்தோம். ரிப்போர்ட் எழுதினது நான்தான். அதில் முழுக்க நாங்க செஞ்சோம், அவங்களுக்குக் கொடுத்தோம் என்றுதான் இருக்கு. எங்களுக்குச் சோறு போட்டவங்க அந்த ஊர்க்காரங்க. அதைப் பத்தி ஒரு வரி கூட நான் எழுதலை.

அடுத்த கேம்ப் ரிப்போர்ட்டை எழுதப்போறது உங்கள்ல ஒருத்தர். அந்த ஒரு வரியை நீங்களாவது எழுதிடுங்க.