தருமபுரியில் தாமஸ் மன்றோ

கல்லூரி திறந்த முதல் வாரத்தில் விடுதி அறைச் சுவர்களிலே நேர அட்டவணைகள் பல புதியனவாய்த் தோன்றும். விடியற்காலை நான்கு மணிக்குத் துயிலெழுதல், ஐந்து மணி வரை இலக்கணம், ஆறு மணி வரை தேகப்பயிற்சி என்றிவ்வாறு அவற்றில் வரையப்பட்டிருக்கும். ஒரு திங்கள் உயிர்வாழும் அட்டவணையைக் காண்டல் அரிது. மாணவர்க்கு ஊக்கமில்லை என்பது பொருந்தாது. மலையை ஒரே நாளில் பெயர்த்துவிட எண்ணும் ஊக்கமே அவர்களை வீழ்த்திவிடுகின்றது. இதனை எண்ணும்போதெல்லாம், 1792 முதல் 1799 வரை நமது தருமபுரியைத் தம் இருப்பிடமாகக் கொண்டிருந்த சர் தாமஸ் மன்றோவின் வாழ்க்கை நம் நினைவுக்கு வருகின்றது.

மன்றோ 1761ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள் ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தையார் வர்ஜீனியாவுடன் புகையிலை வாணிகம் நடத்தியவர். அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் போர் தொடங்கவே வாணிகம் நசிந்தது; குடும்பம் வறுமையுற்றது. சிறுபிராயத்தில் கண்ட நோயினால் மன்றோவுக்குக் காது சிறிது மந்தமாயிற்று. ஆயினும் டான் கிவிக்ஸோட் என்னும் நூலை மூலமொழியிலேயே படிக்க விரும்பி, ஆசிரியர் துணையின்றி, அகராதியைக் கொண்டே ஸ்பானிய மொழியைக் கற்றுக்கொண்டார். ஒரு மொழி முழுவதையும் வெல்லவேண்டுமென்று அவர் புறப்படவில்லை. ஒரு கதையைப் படிக்கவேண்டுமென்பதே அவர் கொண்ட எல்லை. மொழி தானே பின்தொடர்ந்தது.

1780ஆம் ஆண்டு சனவரித் திங்களில் படைப் பயிற்சி மாணவராகச் சென்னைக் கரையில் இறங்கினார். இறங்கிய சின்னாட்களிலேயே, பணியாளனாக வந்து சேர்ந்த முதியவனொருவன் அவருடைய ஆடைகளையும் பொருளையும் கவர்ந்துகொண்டு மறைந்தான். மீண்டும் ஆடை தேடிக்கொள்ளச் சிறுகச் சிறுகச் சேர்த்து மாதங்கள் பல காத்திருந்தார். துரை என்றவுடன் பல்லக்கையும் பட்டு மெத்தையையும் நினைப்பவர்கள், அவர் தம் தங்கைக்கு எழுதிய கடிதமொன்றைப் படித்தல் நலம். நெடுநாள்வரை அவருக்குத் தலையணையாயிருந்தது ஒரு புத்தகம், அல்லது தோட்டாப் பை. நான்கு கோல்களின்மேல் இழுத்துக் கட்டிய கித்தானே படுக்கை. குளிர்காலத்தில் ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய மேலங்கியின் கைகளுக்குள் தம் கால்களை நுழைத்துக்கொண்டு உறங்கினார்! அந்த நிலையிலும் தாமும் தம் உடன்பிறந்தாருமாகச் சேர்த்த பொருளைத் தந்தையார்க்கு அனுப்பி வந்தார்.

படைவீரர் பலர் மதுவிலும் சூதிலும் கழித்த மாலைப் பொழுதுகளில் மன்றோ இந்துஸ்தானியும் பாரசீகமும் பயின்றார். பாரசீக ஏடொன்றில் ஷைலக்கின் கதையை ஒத்த கதையொன்றைக் கண்டு அவர் செய்த மொழிபெயர்ப்பு, மலோன் பதிப்பித்த ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுதியில் இடம்பெற்றது. இப்பயிற்சியின் பயன் வேறொரு வழியில் வந்தது. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் நாடு கும்பினியார் கைக்கு மாறியது. அதனை ஆளத்தக்க சிவில் உத்தியோகஸ்தர்கள் நாட்டு மொழிகளை அறியாதிருந்தமையால், காரன்வாலிஸ் பிரபு படையினராகிய ரீடு என்பவரைக் கலெக்டராக்கினார். ரீடுக்குத் துணைவராய் அமைந்த மூவருள் மன்றோ ஒருவர். கிரகாம் வடபகுதியையும், மக்லியாட் தென்பகுதியையும், மன்றோ தருமபுரியை உள்ளிட்ட நடுப்பகுதியையும் ஏற்றனர். அன்று அவருக்கு வயது முப்பத்தொன்று.

இங்கு அவர் செய்த வேலையை நாம் சிறிது நின்று நோக்கவேண்டும். நாடு பல ஆண்டுப் போர்களினால் நலிந்திருந்தது. எந்த நிலம் எவருடையது, அஃது எத்துணைப் பரப்புடையது, என்ன விளையும் என்பவற்றிற்குத் தக்க கணக்கில்லை. வங்காளத்தில் 1793இல் செய்ததுபோல் ஜமீன்தார்களை நிறுத்தி மொத்தமாக வரியை ஒப்புவித்துவிட்டால் வேலை எளிதாய் முடிந்திருக்கும். ரீடும் மன்றோவும் அவ்வழியை நாடவில்லை. சங்கிலியால் ஒவ்வொரு வயலாக அளந்தனர். நன்செய் புன்செய் என்று வகுத்தனர். உழுகின்றவன் பெயரை எழுதி அவனுக்கு நேரே தீர்வையைக் குறித்தனர். ரயத்துவாரி என்று பெயர்பெற்ற ஏற்பாட்டின் தொடக்கம் இதுவே. மன்றோ கூடாரத்தோடு ஊர் ஊராய்ச் சென்றார். கணக்கர் கொணர்ந்த ஏட்டையும் குடியானவன் வாய்மொழியையும் ஒத்துப் பார்ப்பதிலேயே பகல் கழிந்தது. இதில் வியப்பான வீரச்செயல் ஒன்றுமில்லை. இன்றைய வயல் இன்று. நாளைய வயல் நாளை. நம் வீட்டுப் பெட்டிகளில் உள்ள பட்டா என்னும் காகிதம் அம்முறையின் வழிவந்ததாகும்.

தருமபுரியில் அவர் ஒரு தோட்டம் வைத்திருந்தார். ஓயாத வேலைக்கிடையே அதனைப் பேணுவதில் அவருக்கு மிக்க இன்பம். 1799இல் திப்பு வீழ்ந்தபின் கன்னட நாட்டுக்கு மாற்றப்பட்டபோது, உயர்பதவி பெற்ற மகிழ்ச்சியைக் காட்டிலும் இவ்வூரை விட்டுப் பிரிந்த துயரமே அவர் கடிதங்களில் மிகுந்து காணப்படுகின்றது.

ஆயினும் ஒன்றை மறைத்தலாகாது. அவர் அளந்தது கும்பினியாருக்காக. கும்பினியார் வேண்டியது பணம். ஒழுங்காக அளந்து விதித்த வரியும் குடியானவனுக்குச் சுமையே. நற்பழக்கமுடைய ஒருவர் தம் பழக்கங்களையெல்லாம் அயலாரின் பொக்கிஷத்தை நிரப்பச் செலவிட்டாரெனின் அவரைப் போற்றுதல் எங்ஙனம் என்று நண்பர் சிலர் வினவுவர். வினா நேரியதே. அதற்கு விடை தேட, அவருடைய பிற்கால வரலாற்றை நோக்கவேண்டும்.

1800ஆம் ஆண்டில் நிஜாம் கொடுத்த பெல்லாரி, கடப்பைப் பகுதிகளுக்கு அவர் கலெக்டரானார். படைக்காவலின்றியே ஊர்களைச் சுற்றினார். அங்கும் வயல்களை அளந்து முடித்தபின், விதித்த தீர்வை மொத்த விளைவில் ஏறக்குறைய நூற்றுக்கு 45 பங்காகிறதென்றும், மூன்றிலொரு பங்குக்குமேல் வாங்கினால் நிலத்தில் எவனும் நிலைக்கமாட்டானென்றும் கண்டார். ஆதலின் 1807இல், நூற்றுக்கு 25 வீதம் குறைக்குமாறு மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் இணங்கவில்லை. அவ்வாண்டே மன்றோ தாய்நாடு சென்றார். 1814இல் மீண்டும் வந்தார். மராட்டியப் போரில் படை நடத்தினார். 1820இல் சென்னைக்குக் கவர்னரானார். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் மறுக்கப்பட்ட அக்குறைப்பை அப்பொழுது நிறைவேற்றினார். வரி முழுவதையும் நீக்கவேண்டுமென்று அவர் முழங்கியதில்லை. நூற்றுக்கு இருபத்தைந்து என்ற அந்த எண்ணை மறக்கவுமில்லை. கவர்னர் மாளிகையில் அமர்ந்தபின்னும் ஒரு கலெக்டரின் பழைய மனுவை நினைவில் வைத்திருப்பது அரிது; அம்மனு தம்முடையதே எனினும் அரிது என்றே கருதுகின்றோம்.

பதவியை விட்டுத் தாயகம் செல்லுமுன், பழகிய நாட்டையும் குடிகளையும் கடைசியாக ஒருமுறை காணவேண்டுமென்று 1827ஆம் ஆண்டு கோடையில் புறப்பட்டார். வழியில் காலரா நோய் பரவியிருந்தது. சூலை 6ஆம் நாள் பட்டிகொண்டாவில் அந்நோய் அவரைப் பற்றியது. அன்றே உயிர் நீத்தார். கூத்தியில் அடக்கம் செய்யப்பெற்ற அவரது உடல் பின்னர்ச் சென்னைக் கோட்டையிலுள்ள தூய மரியாள் ஆலயத்துக்குக் கொண்டுவரப்பட்டது. சென்னைத் தீவுத்திடலருகே குதிரைமேல் அமர்ந்த கோலத்தில் சான்ட்ரி என்னும் சிற்பி வடித்த அவர் சிலை, 1839 முதல் நிற்கின்றது. அக்குதிரைக்குச் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை.