பெட்ரோலைச் சாரலாக்கிய அநாதைச் சிறுவன்

பழைய மோட்டார் கார் ஒன்று கிளம்ப மறுக்கிறது. மெக்கானிக் என்ஜின் மூடியைத் திறக்கிறார். கையில் அடங்கும் ஓர் உலோகப் பெட்டியைக் கழற்றுகிறார். அதன் பெயர் கார்புரேட்டர்.

அதற்குள் என்ன இருக்கிறது? ஒரு மிதவை. ஓர் ஊசி. நடுவில் நுண்ணிய துளை போட்ட பித்தளைத் துண்டு. இதை ஜெட் என்பார்கள். அவ்வளவுதான்!

மோட்டார் காருக்கு இந்த ஏற்பாட்டைத் தந்தவர் வில்ஹெல்ம் மேபாக். ஜெர்மனி நாட்டுக்காரர்.

பத்து வயதில் அநாதை

மேபாக் 1846-ல் ஹைல்பிரான் நகரில் பிறந்தார். தந்தை தச்சர். மேபாக்குக்குப் பத்து வயதானபோது தாயும் இல்லை, தந்தையும் இல்லை. ராய்ட்லிங்கன் என்ற ஊரில் கஸ்டவ் வெர்னர் என்ற பாதிரியார் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு விடுதி நடத்தி வந்தார். அங்கே அடைக்கலம் கிடைத்தது.

விடுதியோடு சேர்ந்து இயந்திரப் பட்டறையும் இருந்தது. பையன் பகலில் வேலை கற்றான். மாலையில் படம் வரையவும் கணக்குப் போடவும் படித்தான்.

அந்தப் பட்டறைக்குத் தலைவராக வந்தவர் காட்லீப் டெய்ம்லர். மேபாக்கைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். பையனின் கைத்திறமை அவர் கண்ணில் பட்டது. அன்று தொடங்கிய நட்பு டெய்ம்லர் சாகும் வரை நீடித்தது.

கள்ள நோட்டுக் கும்பலா?

1882-ல் இருவரும் கான்ஸ்டாட் என்ற ஊரில் குடியேறினர். டெய்ம்லர் வீட்டுத் தோட்டத்தில் செடி வளர்க்கும் கண்ணாடிக் கொட்டகை ஒன்று இருந்தது. அதுதான் பட்டறை. இரவு பகலாக உள்ளே தட்டும் சத்தம். கதவு எப்போதும் பூட்டியே இருக்கும்.

தோட்டக்காரருக்குச் சந்தேகம் வந்தது. கள்ளப் பணம் அடிக்கிறார்கள் என்று போலீசில் சொல்லிவிட்டார்! போலீசார் வந்து திறந்து பார்த்தார்கள். உள்ளே இருந்தவை கருவிகளும் என்ஜின்களுமே.

1885-ல் அங்கே மோட்டார் சைக்கிள் பிறந்தது. மறு ஆண்டு நாலு சக்கர வண்டி ஓடியது. ஆனால் ஒரு தொல்லை தீரவில்லை.

அந்நாளைய கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகி, காற்றோடு கலந்து, என்ஜினுக்குப் போகும். பெட்ரோலில் லேசான பகுதி முதலில் ஆவியாகிவிடும். கனமான பகுதி அடியில் தங்கிவிடும். போகப் போக என்ஜின் முனகும். குளிர் காலத்தில் இன்னும் மோசம்.

1893-ல் விடை கிடைத்தது. கம்பெனி முதலாளிகளோடு ஒத்துப்போகாமல் மேபாக் வெளியே வந்திருந்த சமயம் அது. பழைய ஓட்டல் கூடம் ஒன்றில் வேலை செய்து வந்தார். டெய்ம்லர்தான் ரகசியமாகப் பணம் கொடுத்தார்.

பெட்ரோல் தானாக ஆவியாகட்டும் என்று ஏன் காத்திருக்க வேண்டும்? என்ஜின் காற்றை உறிஞ்சுகிறது அல்லவா? அந்தக் காற்றே நுண்துளை வழியாகப் பெட்ரோலை இழுக்கட்டும்; சாரலாகத் தெறிக்கட்டும் என்று செய்தார். பெட்ரோல் மட்டம் ஏறாமல் இறங்காமல் மிதவையும் ஊசியும் காவல் காத்தன. ஹங்கேரி நாட்டில் பாங்கி, சோங்கா என்ற இருவரும் அதே ஆண்டில் இதே வழியைக் கண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இன்றைய புதுக் கார்களில் கார்புரேட்டர் இல்லை. ஆனால் பழைய காருக்கு உயிர் கொடுக்க நினைப்பவர் மேபாக்கின் சாமான்களோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். புது மிதவை கடையில் கிடைக்காமல் போகலாம். பழைய மிதவையைக் காதருகே ஆட்டிப் பார்ப்பார்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை! வெந்நீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம் தெரியும். அங்கே ஈயம் வைத்து அடைப்பார்கள். ஈயம் கொஞ்சம் கூடினாலும் போச்சு; மிதவை கனத்து, பெட்ரோல் மட்டம் உயர்ந்து, வழியத் தொடங்கும். ஜெட்டில் தூசி அடைத்தால் கம்பி விட்டுக் குத்தக் கூடாது. துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் கலவை கெட்டுவிடும். காற்றடித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

பெயர் வேறொருவருக்கு

1895-ல் கம்பெனி மேபாக்கைத் திரும்ப அழைத்துக்கொண்டது. 1900-ல் டெய்ம்லர் காலமானார். அதே சமயம் எமில் ஜெல்லினெக் என்ற வியாபாரி வேகமான கார் கேட்டார். மேபாக் 35 குதிரைசக்தி கார் ஒன்றை அமைத்தார். என்ஜினைக் குளிர்விக்க, தேன்கூடு போல 8,070 சிறு குழாய்கள் வைத்த ரேடியேட்டர்! 1901-ல் பிரான்சின் நீஸ் நகரப் பந்தயங்களில் அந்தக் கார் மற்றவற்றைப் பின்னுக்குத் தள்ளியது.

காருக்கு என்ன பெயர் வைத்தார்கள்? ஜெல்லினெக்கின் சிறு மகள் பெயரை! மெர்சிடிஸ் என்ற அந்தப் பெயரை இன்று அறியாதவர் இல்லை. காரை அமைத்தவரைத்தான் பலருக்குத் தெரியாது.

நண்பர் போன பிறகு கம்பெனியில் மேபாக்கை ஒதுக்கினார்கள். 1907-ல் வெளியேறினார். அப்போது வயது 61. சோர்ந்து உட்காரவில்லை. மகன் கார்லுடன் சேர்ந்து, செப்பலின் ஆகாயக் கப்பலுக்கு என்ஜின் செய்யும் தொழிலை 1909-ல் தொடங்கினார். 1916-ல் ஸ்டட்கார்ட் தொழில்நுட்பக் கல்லூரி அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது.

1929 டிசம்பர் 29-ந் தேதி மேபாக் காலமானார். கான்ஸ்டாட்டில் டெய்ம்லர் அடங்கிய அதே கல்லறைத் தோட்டத்தில்தான் அவரையும் அடக்கம் செய்தார்கள்.