கேள்வியைப் பிரிக்கக் கற்றுத் தந்தவர்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். எங்கள் வீட்டுக்கு ஒரு நெருக்கடியில் கைகொடுத்த பெரியவர் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவரை நான் பார்த்ததில்லை. 1972-லேயே காலமாகிவிட்டார். ஆனால் ரொம்ப தூரத்து ஆள் இல்லை. ஸ்ரீமுஷ்ணத்தில் பஸ் ஏறி சிதம்பரம் போய், அங்கிருந்து கொள்ளிடம் பாலத்தைத் தாண்டினால் சீர்காழி. அவர் பிறந்த ஊர் அதுதான். பெயர் எஸ்.ஆர். ரங்கநாதன். இந்திய நூலகத் துறையின் தந்தை.

1892-ல் பிறந்தவர். ஆறு வயதிலேயே அப்பாவை இழந்தார். சீர்காழி சபாநாயக முதலியார் இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துவிட்டு, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் எம்.ஏ. முடித்தார். பேச்சில் திக்குவாய் இருந்தது. அதற்காக ஒதுங்கிவிடவில்லை. மங்களூர், கோவை அரசுக் கல்லூரிகளிலும் பிறகு சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணக்கு சொல்லிக் கொடுத்தார்.

1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். ஆனால் மனுஷனுக்கு அந்த வேலை பிடிக்கவே இல்லை! கல்லூரிக்கே திரும்பிப் போயிடலாம் என்று துடித்தார். லண்டன் போய்ப் பயிற்சி பெற்று வந்த பிறகு முடிவு செய்யலாம் என்று பெரியவர்கள் அனுப்பி வைத்தார்கள். அந்தப் பயணம்தான் எல்லாவற்றையும் மாற்றியது.

லண்டனில் ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். நம்ம மெக்கானிக்கல் பசங்களுக்குச் சொல்லவே வேண்டாம். துளை போட்ட தகடு, நட்டு, போல்ட்டு. அதே துண்டுகளை வைத்துப் பாலமும் கட்டலாம், கிரேனும் கட்டலாம். புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்து, வேண்டியபடி பூட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அதிலிருந்து பிறந்ததுதான் 1933-ல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை. துண்டுகளைச் சேர்க்கும் போல்ட்டாக, கோலன் எனப்படும் முக்காற்புள்ளியை வைத்தார்.

இது எதற்கு உதவும்? ஒர்க்ஷாப் கணக்கில் சொல்கிறேன். கடைக்குப் போய் பேரிங் கொடுங்க என்றால் கடைக்காரர் முறைப்பார். 6204 என்றால் டக்கென்று எடுத்துக் கொடுப்பார். அந்த எண்ணின் கடைசி 04-ஐ ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் 20 மில்லிமீட்டர் வந்துவிடுகிறது. எண்ணுக்குள்ளேயே விவரம் உட்கார்ந்திருக்கிறது. ரங்கநாதன் புத்தகங்களுக்குச் செய்ததும் இதுதான். மருத்துவம் என்று ஒரே அடுக்கில் போடாமல், எந்த உறுப்பு, என்ன நோய், என்ன சிகிச்சை, எந்த நாடு, எந்தக் காலம் என்று பிரித்தார். நுரையீரல், காசநோய், எக்ஸ்ரே சிகிச்சை, ஆராய்ச்சி, இந்தியா, 1950-கள் என்ற இத்தனையையும் ஒரே எண்ணில் அவர் முறையில் எழுதிவிடலாம்.

போன வருஷம் எங்க அப்பாவுக்குக் காசநோய் என்று தெரிந்தது. கரும்பு வெட்டுகிற கூலிக்காரர். தெருவில் ஆளாளுக்குப் பேசினார்கள். வீட்டில் வைத்திருக்காதே, தூரமாக எங்காவது கொண்டு போய்ச் சேர்த்துடு, பிள்ளைங்களுக்கும் ஒட்டிக்கும் என்றார்கள். அம்மா அழுதுகிட்டே இருந்தாங்க. எங்க வீட்டில் படிச்சவன் நான் ஒருத்தன்தான். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தளத்தில் காசநோய் என்பதற்கான ஆங்கிலச் சொல்லை மட்டும் போட்டுத் தேடினேன். லட்சக்கணக்கில் வந்து கொட்டியது. மாட்டுக்கு வருவது, மூளைக்கு வருவது எல்லாம் கலந்து வந்தது. தலை சுற்றிப் போச்சு.

எனக்குத் தெரிந்த நூலகர் ஐயா ஒருவர் பக்கத்தில் உட்கார வைத்து ரங்கநாதன் கதையைச் சொன்னார். கேள்வியை முதலில் பேப்பரில் பிரி என்றார். பிரித்தேன். நோய்: நுரையீரல் காசநோய். செயல்: மருந்து சிகிச்சை. எதனோடு எதை ஒப்பிட: வீட்டில் வைத்துப் பார்ப்பதையும் சானடோரியத்தில் சேர்ப்பதையும். இடம்: சென்னை. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1960-லிருந்து கட்டுரைகளுக்கு ஒரே சீரான தலைப்புச் சொற்களை இட்டு வருகிறது. அது ரங்கநாதன் செய்த பட்டியல் அல்ல. ஆனாலும் நோய் ஒரு சொல், சிகிச்சை அதற்குத் துணைச்சொல் என்று பிரித்துப் பூட்டும் புத்தி ஒன்றுதான். அந்தச் சொற்களைப் போட்டதும் லட்சம் சுருங்கி, படிக்கிற அளவுக்கு வந்தது.

வந்த நூறில் எத்தனை நமக்கு வேண்டியது என்பதுதான் தேடலின் துல்லியம். பத்துதான் தேறினால் பத்து சதவீதம். ஒரு எச்சரிக்கையும் உண்டு. வலைக்கண்ணை ரொம்பச் சிறிசாக்கினால் குப்பையும் சேர்ந்து வரும், ரொம்பப் பெரிசாக்கினால் நல்ல மீனும் நழுவிடும். ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்தும் எடுத்தும் பார்க்க வேண்டும்.

என் வலையில் விழுந்தது நம்ம சென்னையின் ஆய்வேதான்! 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மையம் செய்து, 1959-ல் வெளியிட்டது. ஒழுங்காக மருந்து சாப்பிட்டால், வீட்டில் இருந்தவர்களுக்கும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணம். வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. டாக்டரம்மாவிடம் காட்டினேன். அவங்களும் அதையே சொன்னாங்க. அப்பா வீட்டிலேயே இருந்தார். அரசு மாத்திரையை ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டார். இன்று நன்றாக இருக்கிறார்.

ரங்கநாதன் 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். வாசகனின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது அதில் நான்காவது. அதன் அருமை எனக்கு அந்த ஒரு வாரத்தில் புரிந்தது.

பிறகு அவர் காசி, டெல்லி பல்கலைக்கழகங்களில் பணியாற்றினார். அவருடைய முயற்சியால் சென்னை மாகாணத்தில் 1948-ல் பொது நூலகச் சட்டம் வந்தது. 1957-ல் பத்மஸ்ரீ பெற்றார். 1962-ல் பெங்களூரில் ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தைத் தொடங்கினார். சேமித்த ஒரு லட்ச ரூபாயைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார். ஆகஸ்ட் 12-ஐ அவர் நினைவாக தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

தோழர்களே! நம்மில் பலருக்கு வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடையாது. தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த முறை தேடும்போது, முதலில் ஒரு பேப்பரை எடுத்துக் கேள்வியைப் பிரித்து எழுதுங்கள். சீர்காழிக்காரர் நமக்கு விட்டுப்போன சொத்து அது.